மேடை கொள்ளாத கூட்டம்

நண்பனின் சாவுக்குப் பிறகு டெக்சாஸில் பிறந்தது ‘தி பாலிஃபோனிக் ஸ்ப்ரீ’. இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள், ஒரு ஹார்ப், ஒரு பாடகர் படை. கணக்குப் பார்த்தால் ஒருநாளும் கட்டுப்படியாகாத இந்த இசைக்குழு கால் நூற்றாண்டாகக் கலையாமல் நிற்கிறது.

மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சிவப்புத் துணி இழுத்துக் கட்டியிருக்கிறது. பின்னால் ஆட்கள் நகர்வது தெரிகிறது. யார், எத்தனை பேர் என்பது தெரியவில்லை. துணியின் நடுவில் கத்தரிக்கோல் முனை ஒன்று குத்திக்கொண்டு வெளியே வருகிறது. வளைத்து வளைத்து வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் சுருட்டைமுடிக்காரர் ஒருவரின் முகம். அவ்வளவுதான், துணி சரிகிறது, டிரம்ஸ் இடிக்கிறது, ஒரு ஊரே சேர்ந்து கத்தியது போன்ற ஒலி அரங்கத்தின் மீது வந்து மோதுகிறது.

2007-ல் ‘தி ஃப்ரஜைல் ஆர்மி’ ஆல்பத்தோடு ஊர் ஊராகப் போனபோது ‘தி பாலிஃபோனிக் ஸ்ப்ரீ’ தன் நிகழ்ச்சியை இப்படித் தொடங்கியது. துணி விழுந்த பிறகு மேடையில் எத்தனை பேர் என்று எண்ண முயன்றால் கண் குழம்பிவிடும். கிதார், பாஸ், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் எந்த ராக் குழுவிலும் இருப்பவை. இங்கே அவற்றோடு வயலினும் செல்லோவும் இருக்கின்றன. டிரம்பெட், டிராம்போன், பிரெஞ்சு ஹார்ன் இருக்கின்றன. புல்லாங்குழல் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு ஒரு ஹார்ப் நிற்கிறது. தொடாமலே, காற்றில் கையை அசைத்து வாசிக்கிற தெரமின்கூட ஒரு காலத்தில் இருந்தது. இத்தனைக்கும் பின்னால் படிகளில் ஏறி நிற்கிறது ஒரு பாடகர் வரிசை. நிற்கிறது என்று சொன்னால் தப்பு. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அந்த வரிசை குதித்துக்கொண்டே இருக்கும். தலைமுடி பறக்க, கை இரண்டும் மேலே போக, மூச்சு வாங்கியபடி பாடுவார்கள்.

நடுவில் டிம் டெலாட்டர். குழுவைத் தொடங்கியவர், பாட்டு எழுதுபவர், முன்னணிப் பாடகர். முறையாகச் சாதகம் செய்த குரல் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். மெல்லிய, உச்சத்தில் கொஞ்சம் கீறுகிற குரல். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது எட்டாத கிளைக்கு எம்பிப் பார்க்கிறார் என்பது கேட்பவருக்கே தெரியும். அவர் எம்பும் அந்த இடத்தில்தான் பின்னாலிருந்து பத்துக் குரல்கள் எழுந்து அவரைத் தூக்குகின்றன. இந்தக் குழுவின் பாட்டுகளில் பாதிக்கும் மேல் இந்த ஒரு கணத்துக்காகவே கட்டப்பட்டவை என்று எனக்குத் தோன்றும்.

துள்ளலான மேடை நிகழ்ச்சிக்குப் பேர்போன குழுக்கள் உலகத்தில் நிறைய உண்டு. சிலர் ஸ்பீக்கரை நம்புகிறார்கள், சிலர் லைட்டை, சிலர் நெருப்பையும் புகையையும். பாலிஃபோனிக் ஸ்ப்ரீ நம்புவது மனிதர்களை. மேடையில் இருக்கும் கூட்டம் இவர்களுக்கு அலங்காரம் இல்லை, அந்தக் கூட்டம்தான் பாட்டு. அதில் பாதிப் பேரைக் குறைத்தால் சத்தம் பாதியாகக் குறையாது, பாட்டே வேறாகிவிடும். அது ஏன் என்பதற்கு இந்தக் குழு எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1999 அக்டோபர்

தொண்ணூறுகளில் டாலஸில் ‘டிரிப்பிங் டெய்சி’ என்றொரு ராக் குழு இருந்தது. டெலாட்டர்தான் பாடகர். வெஸ் பெர்கிரன் கிதார், மார்க் பிரோ பாஸ். ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 1995-ல் ‘ஐ காட் எ கேர்ள்’ என்ற பாட்டு அமெரிக்க ரேடியோக்களில் ஓடியது. 1998-ல் வெளிவந்த மூன்றாவது ஆல்பத்தை விமர்சகர்கள் பாராட்டினார்கள், விற்பனைதான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. இந்த அளவு ஏற்ற இறக்கம் எந்தக் குழுவுக்கும் சகஜம்.

1999 அக்டோபர் 27 அன்று வெஸ் பெர்கிரன் இறந்து கிடந்தார். போதைப்பொருள். வயது 28. டிரிப்பிங் டெய்சி அத்தோடு முடிந்தது. அவர் உயிரோடிருந்தபோது பதிவு செய்த கடைசி ஆல்பத்தை மட்டும் மறு ஆண்டு வெளியிட்டார்கள்.

டெலாட்டர் உடனே இன்னொரு ராக் குழு தொடங்கவில்லை. மனைவி ஜூலி டாயிலும் நண்பர் கிறிஸ் பென்னும் சேர, 2000-ல் டாலஸில் ‘குட் ரெக்கார்ட்ஸ்’ என்று ஓர் இசைத்தட்டுக் கடை திறந்தார்கள். கடையோடு சேர்ந்து அதே பெயரில் சிறிய வெளியீட்டு நிறுவனமும் நடந்தது. அவருடைய மனசுக்குள் வெகுநாளாக ஒரு ஒலி கிடந்தது. சிறுவயதில் கேட்ட அறுபதுகளின் வெயில் போன்ற பாப் இசை: தி அசோசியேஷன், தி ஃபிஃப்த் டைமென்ஷன், பீச் பாய்ஸ். குரல்மேல் குரல் அடுக்கி, வயலினும் பித்தளைக் குழலும் சேர்த்து எழுப்புகிற இசை. அதைப் பதிவில் மட்டும் கேட்காமல், அத்தனை பேரையும் ஒரே மேடையில் ஏற்றினால் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். செய்யவில்லை.

ஜூலியும் கிறிஸ் பென்னும் தள்ளிவிட்டார்கள். முதலில் நிகழ்ச்சிக்குத் தேதி குறித்தாயிற்று. குழுவை அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், டிரிப்பிங் டெய்சியின் பழைய கூட்டாளிகள் என்று ஆள் சேர்ந்தது. 2000 ஜூலையில் டாலஸின் ‘ஜிப்சி டீ ரூம்’ என்ற அரங்கில், கிராண்டடி, பிரைட் ஐஸ் என்ற இரண்டு குழுக்களுக்கு முன்பாக, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு மேடையேறினார்கள்.

இழவு நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இத்தனை குதூகலமா என்று அந்த ஊரில் கேட்டவர்கள் இருந்திருக்கலாம். சாவு வீட்டில் பறையடித்து, தெரு முழுக்க ஆடி வழியனுப்பிப் பழகிய நமக்கு அப்படிக் கேட்கத் தோன்றாது. துக்கத்தை ஒரு ஆள் சுமந்தால் முதுகு ஒடியும். ஊர் கூடினால்தான் அது தெருவைத் தாண்டும். டெலாட்டர் இருபது பேரைக் கூட்டியதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அந்தப் பாட்டுகளில் மறுபடி மறுபடி சூரியன் வருகிறது, விடியல் வருகிறது, நாள் வருகிறது. இருட்டில் இருப்பவன்தான் விடியலை இத்தனை தடவை கூப்பிடுவான்.

மூன்று நாளில் ஒரு ஆல்பம்

இப்படி ஒரு குழு இருக்கிறது என்று வாயால் சொன்னால் எந்த அரங்க உரிமையாளருக்கும் புரியவில்லை. எனவே அந்த ஆண்டே மூன்று நாளில் அவசரமாக ஒரு மாதிரிப் பதிவு செய்தார்கள். வாய்ப்புக் கேட்டு அனுப்புவதற்கான டெமோதான் அது. அதுவே பிறகு ‘தி பிகினிங் ஸ்டேஜஸ் ஆஃப்...’ என்ற பெயரில் முதல் ஆல்பமாக வெளிவந்தது. மெருகு கிடையாது. சில இடங்களில் குரல்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. மேடையில் இருக்கும் வேகத்தில் பாதிகூடப் பதிவில் இறங்கவில்லை என்று டெலாட்டருக்கே குறை. இருந்தும், பிறகு பெரிய ஸ்டுடியோக்களில் செய்தவற்றில் இல்லாத ஒரு நடுக்கம் அதில் இருக்கிறது. முதல்முறையாகத் தங்கள் ஒலியைத் தாங்களே கேட்டுத் திகைக்கிறவர்களின் நடுக்கம்.

அந்த ஆல்பத்தின் கடைசித் துண்டு சுமார் 36 நிமிடம். பாட்டே இல்லை, நீண்ட ரீங்காரம் மட்டும். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். பொறுமை உள்ளவர்கள் ஒருமுறை கடைசிவரை உட்கார வேண்டும் என்பேன். மற்ற ஒன்பது பாட்டுகளின் கொண்டாட்டம் எந்த வெறுமையிலிருந்து ஏறி வந்தது என்பதை அந்த 36 நிமிடம் எந்தப் பேட்டியையும் விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

இனி ஒலியைப் பற்றி. பத்துப் பேர் ஒரே சுரத்தைப் பாடினாலும் பத்துத் தொண்டையும் அச்சு அசலாக ஒரே இடத்தில் நிற்காது. ஒருவர் மயிரிழை மேலே, ஒருவர் மயிரிழை கீழே. ஒருவர் கண்ணிமைக்கும் நேரம் முந்தி, ஒருவர் பிந்தி. தனித்தனியாகப் பார்த்தால் பிசகு. சேர்த்துக் கேட்டால், ஒரு தனிக்குரல் எத்தனை கத்தினாலும் கிடைக்காத அகலம். இந்த அகலத்தைச் செயற்கையாக உண்டாக்கத்தான் கிதார்காரர்கள் ‘கோரஸ்’ என்ற பெடலை வாங்குகிறார்கள். ஒலியைப் பிரதி எடுத்து, கொஞ்சம் தாமதித்து, சுருதியை இலேசாக ஆட்டி, மூலத்தோடு கலந்து தருகிற பெட்டி அது. ஸ்ப்ரீயிடம் அந்தப் பெட்டியின் வேலையை ரத்தமும் சதையுமாக ஆட்கள் செய்கிறார்கள்.

இதில் ஒரு விளைவு உண்டு. பெரிய வித்வான் ஒருவர் தனியாகப் பாடும்போது கீழே இருப்பவர் கூடவே பாடினால் அது இடைஞ்சல். பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார். மேடையிலேயே கொஞ்சம் முன்பின்னாகப் பாடுகிற ஒரு கூட்டம் இருக்கும்போது, கீழே இருக்கும் ஆயிரம் பேரின் சுருதி பிசகிய குரலும் அதே ஒலிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாட்டும் அதற்குத் தோதாகவே எழுதப்பட்டிருக்கும். சொற்கள் குறைவு, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வாத்தியம் கூடும். முன்பின் கேட்டிராதவரும் மூன்றாவது சுற்றுக்குள் பாடத் தொடங்கிவிடுவார். மேடையில் இருபத்துநான்கு பேர், கீழே ஆயிரம் பேர் என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகிற அந்த நிமிடங்கள்தான் இவர்களுடைய நிகழ்ச்சிக்குக் கிடைத்த பேரின் ரகசியம். நம் சினிமாவில் கோரஸ் பாடுகிறவர்கள் பெயர்கூடத் தெரியாமல் பின்னால் நின்றே காலம் தள்ளியவர்கள். பின்வரிசைக் குரலை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் ஒரு குழுவை அந்த ஞாபகத்தோடு பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஏதோ நெகிழ்கிறது.

சவுண்ட் இன்ஜினியருக்கு இது பெரும்பாடு. பாடகர் வரிசைக்குப் பத்து மைக் திறந்து வைத்தால் பத்திலும் டிரம்ஸ் சத்தம் புகுந்துவிடும். திறந்த மைக் கூடக்கூட ஃபீட்பேக் ஊளையிடும் அபாயமும் கூடும். ஹார்ப்பின் நரம்பு ஒலி மென்மையானது. அதன் பக்கத்திலேயே டிராம்போன். பிரெஞ்சு ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும், வாசிப்பவர் தன் கையை அதற்குள் நுழைத்துத்தான் ஒலியைத் திருத்துவார்; மைக்கை அவர் முன்னால் வைத்துப் பயனில்லை, முதுகுப் பக்கம் வைக்க வேண்டும், அங்கேயோ பாடகர்கள் குதித்துக்கொண்டிருப்பார்கள். நான்கு பேர் குழுவுக்கென்று கட்டிய சின்ன அரங்கத்தில், அதே மிக்ஸரின் சேனல்களுக்குள் இத்தனையையும் அடைக்க வேண்டும். ஒரு வாத்தியமும் தெளிவாகக் கேட்காத இரவுகள் இந்தக் குழுவுக்கு நிச்சயம் வந்திருக்கும். அப்படிப்பட்ட இரவிலும் கூட்டம் ஆடித்தான் தீர்த்திருக்கும் என்று நம்புகிறேன்.

அங்கி

முதல் நாளிலிருந்தே அங்கி அவர்களின் அடையாளமாயிற்று. காரணம் ரொம்பச் சாதாரணம். இருபது பேர் இருபது விதமாக உடுத்தி வந்தால் பார்ப்பவரின் கண் ஒவ்வொரு சட்டையிலும் போய் நிற்கும். எல்லோரும் ஒரே மாதிரி அங்கி போட்டால் கண் அலையாது. டெலாட்டர் சொன்ன விளக்கம் அவ்வளவே. 2004-ல் வந்த ‘டுகெதர் வி ஆர் ஹெவி’ ஆல்பத்தின்போது வெள்ளை போய் வண்ண வண்ண அங்கிகள் வந்தன. ‘ஃப்ரஜைல் ஆர்மி’யில் கறுப்பு ராணுவச் சீருடை. இராக் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு அந்தச் சீருடை பிடிக்கவில்லை. பாட்டுகள் நன்றாக இருந்தன. ஆனால் தோளோடு தோள் நிற்கிற ஒரு கூட்டத்தை அணிவகுத்து நிற்கும் படையாகக் காட்டியதில் ஏதோ ஒன்று இறுகிவிட்டது.

வெள்ளை அங்கி ஒரு வில்லங்கத்தையும் கொண்டுவந்தது. தலைவர் ஒருவர், அவரைச் சுற்றி அங்கி போட்டுப் பரவசமாகக் கைதூக்கும் கூட்டம். இது ஏதோ மத மாயக்கூட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. டெக்சாஸ்காரர்களுக்கு அந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. டாலஸிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேகோவில், 1993-ல் டேவிட் கோரேஷ் என்பவரை நம்பிப் போன கூட்டம் மத்திய போலீஸின் 51 நாள் முற்றுகைக்குப் பிறகு நெருப்பில் மாண்டிருந்தது. குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அந்த ஞாபகம் ஆறாத ஊரில் அங்கியோடு மேடையேறுவதற்குத் துணிச்சல் வேண்டும். தங்களுக்கு எந்த மதமும் இல்லை என்று டெலாட்டர் எத்தனையோ பேட்டிகளில் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால், அந்தச் சந்தேகத்துக்குப் பதில் மேடையிலேயே இருக்கிறது. மாயக்கூட்டத்தில் ஒரே ஒருவர் பேசுவார், மற்றவர் கேட்பார்கள். இங்கே முன்னால் நிற்பவரின் குரல் தடுமாறுகிறது, பின்னால் நிற்பவர்கள் தாங்குகிறார்கள்.

போவியின் அழைப்பு

2002-ல் லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த ‘மெல்ட்டவுன்’ விழாவைத் தொகுத்தவர் ராக் நட்சத்திரம் டேவிட் போவி. யாரை அழைப்பது என்பது முழுக்க அவர் கையில். உலகத்தில் பெரிதாக யாரும் கேள்விப்பட்டிராத டாலஸ் கூட்டத்தை அவர் அழைத்தார். அத்தனை பேரையும் அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் முகம் தெரியாத குழுவை பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு 2004-ல் தன் உலகச் சுற்றுப்பயணத்தின் அமெரிக்க நிகழ்ச்சிகளிலும் போவி அவர்களைத் தனக்கு முன்பாகப் பாட வைத்தார்.

அந்த வருஷங்களில் அடைமழைதான். ‘லைட் அண்ட் டே’ என்ற பாட்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரையும் ஐபாடையும் சேர்த்து விற்ற ஒரு விளம்பரத்தில் வந்தது. அதே பாட்டு, காதல் நினைவுகளை மூளையிலிருந்து அழித்துக்கொள்ளும் இருவரைப் பற்றிய ‘எட்டர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்’ படத்தில் சேர்ந்தது. ‘ஸ்க்ரப்ஸ்’ என்ற ஆஸ்பத்திரி நகைச்சுவைத் தொடரில் குழு மொத்தமாக வந்து போனது. மைக் மில்ஸ் இயக்கிய ‘தம்ப்சக்கர்’ படத்துக்கு இசையமைக்க இருந்த எலியட் ஸ்மித் 2003-ல் இறந்துபோக, அந்த வேலை டெலாட்டரிடம் வந்தது. இன்னொருவரின் சாவு விட்டுப்போன இடத்தில் போய் நிற்பது அவருக்கு இரண்டாம் முறை. அந்தப் பின்னணி இசையில் கூச்சல் இல்லை, அடக்கி வாசித்திருக்கிறார்கள். மேடையில் இவர்களை வெறும் ஆர்ப்பாட்டக்காரர்கள் என்று ஒதுக்குகிறவர்கள் அதைக் கேட்க வேண்டும்.

கட்டுப்படியாகாத கணக்கு

புகழ் வந்தது, பணம் வந்ததா? ஒரு நிகழ்ச்சிக்கு 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் குழுவில் தலைக்கு 1,250. இருபத்தைந்து பேர் குழுவில் தலைக்கு 200. பஸ் வாடகை, டீசல், ஓட்டல் அறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் கழிப்பதற்கு முந்தைய கணக்கு இது. ஹார்ப்பை ஏற்றி இறக்குவது தனிச் செலவு. தொழிலாகப் பார்த்தால், ஆரம்பித்த அன்றே மூடியிருக்க வேண்டிய கடை.

பெரிய நிறுவனங்களும் கைகொடுத்து நிலைக்கவில்லை. இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட்டது டிஸ்னியின் ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ். அந்த உறவு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மூன்றாவதை வெளியிட்ட டி.வி.டி. (TVT) ரெக்கார்ட்ஸ் மறு ஆண்டே, 2008-ல், திவாலானது. சொந்தப் பாட்டுகளோடு அடுத்த முழு ஆல்பமான ‘யெஸ், இட்ஸ் ட்ரூ’ வர 2013 ஆயிற்று. அதற்கான பணத்தை கிக்ஸ்டார்ட்டர் வழியே ரசிகர்களிடமே திரட்டினார்கள். கீழே நின்று பாடிய கூட்டம் இப்போது பதிவுக்கூடத்தின் வாடகையையும் பகிர்ந்துகொண்டது.

இந்த நிலைமையில் ஆட்கள் வந்துபோவது இயற்கை. வேலை, கல்யாணம், குழந்தை, வேறு ஊர் என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். புதியவர்கள் அந்த அங்கிக்குள் நுழைந்தார்கள். டெலாட்டரும் ஜூலியும் தங்கள் நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டேதான் இதை நடத்தினார்கள். ஜூலி நிர்வாகத்தையும் பார்த்து, பாடகர் வரிசையிலும் நின்றார். அந்த மேடையில் கிதார் வாசித்த ஆனி கிளார்க் என்ற இளம்பெண்தான் 2007-ல் ‘மேரி மீ’ ஆல்பத்தோடு ‘செயின்ட் வின்சென்ட்’ என்ற பெயரில் தனியாகக் கிளம்பினார். இன்று உலகின் முதல்வரிசைக் கிதார் கலைஞர்களில் அவர் ஒருவர், கிராமி விருதுகள் பெற்றவர். குழுவில் இருந்த டோபி ஹால்புரூக்ஸ் சினிமாத் தயாரிப்பாளராகி ‘எ கோஸ்ட் ஸ்டோரி’ போன்ற படங்களைத் தந்தார். ஒரு பெரிய குழு உடையாமல் ஆட்களை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும் என்பது அதன் பலம். சின்னக் குழுவில் ஒருவர் போனால் என்ன ஆகும் என்பதை டெலாட்டர் 1999-லேயே பார்த்துவிட்டார்.

அதே வருஷங்களில் வேறு ஊர்களிலும் மேடைகள் நிரம்பின. டொரண்டோவில் கெவின் ட்ரூவும் பிரெண்டன் கேனிங்கும் தொடங்கிய ‘புரோக்கன் சோஷியல் சீன்’ குழுவில் ஃபைஸ்ட், எமிலி ஹெய்ன்ஸ் உட்பட நகரத்தின் பாதி இசைக்கலைஞர்கள் வந்துபோனார்கள். ஸ்வீடனின் யோன்ஷாப்பிங் நகரத்தில் இமானுவேல் லுண்ட்கிரன் விடுமுறையில் எழுதிய பாட்டுகளைப் பாட நண்பர்களைக் கூப்பிட்டார். ‘ஐ ஆம் ஃப்ரம் பார்சிலோனா’ என்ற அந்தக் குழுவில் 29 பேர். மான்ட்ரியாலின் ‘ஆர்கேட் ஃபயர்’ எல்லோரையும் விடப் பெரிய உயரத்துக்குப் போனது. அதன் முதல் ஆல்பத்தின் பெயர் ‘ஃப்யூனரல்’, இறுதிச் சடங்கு. பதிவு நடந்த காலத்தில் குழுவினரின் குடும்பங்களில் அடுத்தடுத்துச் சாவு விழுந்ததால் வைத்த பெயர் அது. மேடை நிறையக் கூட்டம் சேர்த்து உற்சாகமாகப் பாடிய இரண்டு குழுக்கள், இரண்டுக்கும் வேரில் இழவு. இதை வெறும் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை.

பாடுவதே ஆபத்தான ஆண்டு

2020-ல் கொரோனா வந்தபோது எல்லா இசைக்குழுக்களும் முடங்கின. சேர்ந்து பாடுகிறவர்களுக்கு விழுந்த அடி தனி. அந்த மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழுவின் ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள். அவர்களில் ஏற்கெனவே தொற்று இருந்தவரையும் சேர்த்து 53 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் நின்று உரக்கப் பாடினால் மூச்சுத்துளி எத்தனை தூரம் போகும் என்பதை உலகமே பாடமாகப் படித்தது. பாலிஃபோனிக் ஸ்ப்ரீயின் உயிர்நாடியே அந்த நெருக்கம்தான். தோளோடு தோள், மூச்சோடு மூச்சு. அதையே உலகம் தடை செய்தது.

தடை நீங்கிய பிறகு, 2023 நவம்பரில், ‘சால்வேஜ் என்டர்பிரைஸ்’ வந்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு சொந்தப் பாட்டுகளோடு வந்த முழு ஆல்பம். பழைய ரசிகர்கள் எதிர்பார்த்த வெடிச்சத்தம் அதில் உடனே வருவதில்லை. பல பாட்டுகள் டெலாட்டரின் தனிக்குரலும் ஒரு கிதாருமாகத் தொடங்கி, ரொம்ப நேரம் தனியாகவே நடக்கின்றன. வயது ஏறிய குரல், இன்னும் மெலிந்திருக்கிறது. பாடகர்கள் வந்து சேரும்போது அவசரமில்லாமல், விளிம்பிலிருந்து தண்ணீர் ஏறுவது போல் ஏறுகிறார்கள். 2004 ஆல்பம்தான் இவர்களின் உச்சம் என்று இத்தனை நாள் சொல்லி வந்தேன். இதைக் கேட்ட பிறகு அந்த உறுதி கொஞ்சம் ஆடுகிறது. இதற்கு முன்பே, 2017-ல், டாலஸின் ‘ஹோம்குரோன்’ விழாவில் டிரிப்பிங் டெய்சியின் பழைய கூட்டாளிகள் மறுபடி ஒன்றாக மேடையேறியிருந்தார்கள். வெஸ் இல்லாமல், பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு.

இவர்களைக் குறை சொல்பவர்கள் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: இத்தனை சந்தோஷம் திகட்டுகிறது, குழந்தைத்தனமாக இருக்கிறது. ஒரே மூச்சில் இரண்டு ஆல்பங்களைக் கேட்டால் திகட்டும், மறுக்கவில்லை. குழந்தைத்தனம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. குழந்தைகள் இவர்களின் நிகழ்ச்சிக்கு வருவது உண்மை. ஒவ்வொரு டிசம்பரிலும் டாலஸில் நடக்கும் இவர்களின் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தாத்தா பாட்டியோடு வந்து, அங்கி போட்டவர்களோடு சேர்ந்து பிள்ளைகளும் குதிக்கிறார்கள். நிர்வாணா குழுவின் ‘லித்தியம்’ பாட்டையும் இதே ஆட்கள்தான் மேடையில் பாடுகிறார்கள். தற்கொலை செய்துகொண்ட கர்ட் கோபேன் எழுதிய, மனம் சிதைந்தவன் ஒருவனின் பாட்டு அது. இருபது பேர் சேர்ந்து அதைப் பாடும்போது, அந்த ஒருவன் தனியாக இல்லை என்று ஆகிவிடுகிறது. இதற்குக் குழந்தைத்தனம் என்று எப்படிப் பெயர் வைப்பது?

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பாட்டுகளுக்கு இவர்கள் முதல் ஆல்பத்திலிருந்தே வரிசையாக எண் போட்டு வருகிறார்கள். ஆல்பம் மாறினாலும் எண் விட்ட இடத்திலிருந்து தொடரும். ‘பிகினிங் ஸ்டேஜஸ்’ ஒன்றில் தொடங்கியது, ‘சால்வேஜ் என்டர்பிரைஸ்’ 52-ல் முடிந்தது. ஒன்பதில் ஆரம்பியுங்கள், ‘லைட் அண்ட் டே’ அதுதான். அங்கிருந்து பத்தைத் தாண்டிப் பதினொன்றுக்குப் போங்கள். இரண்டாவது ஆல்பம் அங்கே திறக்கிறது, பாடகர் வரிசை முதல்முறையாக முழு உயரத்துக்கு எழுவதைக் கேட்கலாம். பிறகு நேராக 44. முடிந்தால் ஆல்பத்துக்கு முன்பு மேடைப் பதிவு ஏதாவது ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம். ஸ்பீக்கரில் போடுங்கள், வீட்டில் நாலு பேர் இருக்கும்போது.